அதிகாரமே இல்லாத அசெம்பிளிகிட்ட மந்திரிங்க எல்லாம் ஏன் கெஞ்சினாங்க?

2019 ஜூன் 24, திங்கட்கிழமை. பிரான்ஸ்ல ஜெர்மனி பார்டரை ஒட்டி இருக்கற ஸ்ட்ராஸ்பூர்க் ஊர்ல ஐரோப்பா மாளிகைன்னு ஒரு பெரிய கட்டடம், அதுக்குள்ள அரைவட்டமா ஒரு ஹால், கவுன்சில் ஆஃப் யூரோப்ங்கற அமைப்போட பார்லிமென்டரி அசெம்பிளி கூடற இடம். உட்கார்ந்திருக்கறவங்க எல்லாரும் அவங்கவங்க நாட்டுல எம்.பி. இந்த ஹால்ல ஒரு வேடிக்கை, நாடு வாரியாவோ கட்சி வாரியாவோ சீட் கிடையாது, ஸ்கூல் அட்டெண்டன்ஸ் மாதிரி குடும்பப் பேர் எழுத்து வரிசைப்படிதான் உட்காரணும். அதனால ஒரு நாட்டுக்காரருக்கு பக்கத்துல, அந்த நாட்டோட சண்டையில இருக்கற நாட்டுக்காரர் வந்து உட்கார வேண்டியும் வரலாம். அன்னைக்கு விவாதம் ஆரம்பிச்சு நள்ளிரவு தாண்டியும் முடியலை, எதிர்த்தவங்க 200-க்கும் மேல திருத்தங்களைக் கொண்டுவந்து போட்டிருந்தாங்க, ஒவ்வொண்ணையும் எடுத்து ஓட்டு விட்டாகணும். கடைசியில 118 பேர் ஆதரவு, 62 பேர் எதிர்ப்பு, 10 பேர் நடுநிலை. தீர்மானம் பாஸ்.

தீர்மானத்துல என்ன இருந்துச்சுன்னா, ஒரு நாட்டோட எம்.பி.க்களுக்கு இந்த அசெம்பிளியில வந்து உட்கார தகுதி இருக்கான்னு செக் பண்றப்போ அவங்க ஓட்டு போடற உரிமை, பேசற உரிமை இதையெல்லாம் பறிக்கக்கூடாதுங்கறதுதான். நாட்டுப் பேரு எதுவும் அதுல இல்லை, ஆனா அந்த ரூல் யாருக்காகன்னு ஹால்ல இருந்த எல்லாருக்கும் தெரியும். ரஷ்யாவுக்காக.

இந்த அசெம்பிளியால ஒரு சட்டம் போட முடியாது. பட்ஜெட்டுக்கு ஒப்புதல் கொடுக்கற அதிகாரம் இல்லை. எந்த நாட்டுக்கும் ஆர்டர் போட முடியாது. அப்படி இருக்கறப்போ, ஐரோப்பாவோட வெளியுறவு மந்திரிங்க எல்லாம் ஏன் இந்த ஹால்ல இருக்கறவங்களை 2 வருஷமா ‘கொஞ்சம் விட்டுக்கொடுங்க’ன்னு கேட்டுட்டு இருந்தாங்க? அரசாங்கங்கள் சேர்ந்து நடத்தற ஒரு அமைப்பும், அதுக்குள்ளயே எம்.பி.க்கள் உட்கார்ந்திருக்கற ஒரு சபையும் எப்படி ஒண்ணா குடும்பம் நடத்துதுன்னு புரிஞ்சுக்க இதைவிட நல்ல கேஸ் எனக்குத் தெரிஞ்சு இல்லை.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். நான் சொல்றது ஐரோப்பிய யூனியன் இல்லை. இது கவுன்சில் ஆஃப் யூரோப், ஐரோப்பிய யூனியனுக்கு முன்னாடியே பொறந்தது, இப்போ 46 நாடு மெம்பர், துருக்கி உண்டு, உக்ரைன் உண்டு, பிரிட்டன் உண்டு. ஐரோப்பிய பார்லிமென்ட் வேற, அது ஐரோப்பிய யூனியனோடது, 1979-ல இருந்து மக்கள் நேரடியா ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கறது. குழப்பத்துக்கு அவங்களேதான் காரணம், ரெண்டு சபையும் ஒரே ஊர்ல கூடுது, 1999 வரைக்கும் ஒரே ஹாலையே மாத்தி மாத்தி யூஸ் பண்ணாங்க, நீலத்துல 12 நட்சத்திரம் போட்ட கொடியும் 1955-ல கவுன்சில் ஆஃப் யூரோப் ஏத்துக்கிட்டதுதான், பின்னாடி 80-கள்ல மத்தவங்களும் அதையே எடுத்துக்கிட்டாங்க. நம்ம பக்கத்து டிவி நியூஸ்ல ‘ஐரோப்பிய பார்லிமென்ட் கண்டனம்’னு ஸ்க்ரோல் ஓடறப்போ எல்லாம் நான் ஒரு தடவை செக் பண்ணிக்குவேன், பாதி நேரம் அது இந்த அசெம்பிளியா இருக்கும்.

இப்போ இந்த வீட்டோட அமைப்பு. 1949 மே 5-ல லண்டன்ல 10 நாடு சேர்ந்து கையெழுத்து போட்ட சாசனத்துலயே ரெண்டு உறுப்புன்னு எழுதியாச்சு. ஒண்ணு அமைச்சர்கள் கமிட்டி. பேருதான் அமைச்சர்கள், வெளியுறவு மந்திரிங்க வழக்கமா வருஷத்துக்கு ஒரு தடவை வருவாங்க, மத்தபடி வாராவாரம் உட்கார்ந்து வேலை பாக்கறது அவங்களோட தூதர்கள். முடிவு எடுக்கறது, பணம் ஒதுக்கறது, ஒப்பந்தங்களை நிறைவேத்தறது எல்லாம் இவங்க. இன்னொண்ணு அசெம்பிளி. 306 மெம்பர், அதே அளவுக்கு மாற்று மெம்பர், யாரையும் மக்கள் நேரடியா இதுக்குன்னு தேர்ந்தெடுக்கறதில்லை, அந்தந்த நாட்டு பார்லிமென்ட் தன் எம்.பி.க்கள்ல இருந்து அனுப்பும், ஆளுங்கட்சி மட்டும் வந்து நிக்க முடியாது, எதிர்க்கட்சிக்கும் அளவா இடம் கொடுக்கணும். பிரான்ஸ், ஜெர்மனி மாதிரி பெரிய நாட்டுக்கு 18 சீட், மொனாக்கோ, சான் மரினோ மாதிரி குட்டி நாட்டுக்கு 2. வருஷத்துக்கு 4 தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரு வாரம் கூடுவாங்க.

ஒரே வீட்டுல ரெண்டு பேரை இப்படி உட்கார வெச்சதுக்குப் பின்னாடி ஒரு சண்டை இருக்கு. போர் முடிஞ்ச கையோட பிரான்சும் பெல்ஜியமும் ஐரோப்பாவுக்குன்னு உண்மையான ஒரு பார்லிமென்ட் வேணும்னு நின்னாங்க. பிரிட்டன் வெளியுறவு மந்திரி எர்னஸ்ட் பெவினுக்கு அது சுத்தமா பிடிக்கலை, அரசாங்கங்கள் பேசிக்கிட்டா போதும், எதுக்கு எம்.பி.ங்க எல்லாம்னு நினைச்சார். ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிச்சு கடைசியில ‘சரி, சபை இருக்கட்டும், ஆனா ஆலோசனை மட்டும் சொல்லட்டும்’னு ராசியாச்சு. அதனால அதுக்கு வெச்ச பேரே ஆலோசனை சபை.

ஆலோசனைன்னா எந்த அளவுக்குன்னு கேளுங்க. முதல் சாசனப்படி அந்த சபை எதைப் பத்தி பேசணும்ங்கறதுக்கே அமைச்சர்கள் கமிட்டி ஓகே சொல்லணும். 1949 ஆகஸ்ட்ல ஸ்ட்ராஸ்பூர்க் யுனிவர்சிட்டி கட்டடத்துல முதல் கூட்டம் நடக்கறப்போ மனித உரிமைங்கற டாபிக்கையே அமைச்சர்கள் அஜெண்டாவுல இருந்து எடுத்துட்டாங்க. சபையில சர்ச்சில் உட்பட பெரிய தலைங்க உட்கார்ந்திருந்தாங்க, விடுவாங்களா, ஒரே சத்தம், அமைச்சர்கள் இறங்கி வந்து அந்த டாபிக்கை திருப்பி சேர்த்தாங்க. அப்படி திருப்பி சேர்த்ததுல இருந்து ஆரம்பிச்சதுதான் அடுத்த வருஷம் 1950 நவம்பர் 4-ல ரோம்ல கையெழுத்தான ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தம், அதுல இருந்துதான் ஐரோப்பிய மனித உரிமை கோர்ட், ஸ்ட்ராஸ்பூர்க்ல இருக்கறதால ஸ்ட்ராஸ்பூர்க் கோர்ட்னு சொல்லுவாங்க. இந்த அமைப்பு இன்னைக்கு எதுக்காக உலகத்துக்கே தெரியுதோ, அந்த விஷயத்தையே முதல் வாரத்துல அரசாங்கங்கள் பேசவேண்டாம்னு ஓரங்கட்டப் பாத்தாங்க. அஜெண்டா கட்டுப்பாட்டை 1951-ல எடுத்துட்டாங்க. ஆனாலும் சபையோட முதல் தலைவரா இருந்த பெல்ஜியத்துக்காரர் ஸ்பாக், இங்க எதுவும் நகராதுன்னு வெறுத்துப்போய் அதே வருஷம் டிசம்பர்ல ராஜினாமா பண்ணிட்டார். பேர் கதை இன்னும் ஜாலி. 1974-ல சபை தனக்குத் தானே ‘பார்லிமென்டரி அசெம்பிளி’னு பேர் வெச்சுக்கிச்சு. அமைச்சர்கள் அந்தப் பேரை ஏத்துக்கிட்டது 1994-ல. 20 வருஷம்! சாசனத்தைத் திறந்து பாத்தா இன்னைக்கும் பழைய பேர்தான்.

தினசரி இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வேலை எப்படி ஓடுதுன்னா, அசெம்பிளி ரெண்டு வகையா முடிவு எடுக்கும். தன் கருத்தைச் சொல்றது தீர்மானம், அதுக்கு சாதாரண மெஜாரிட்டி போதும். அமைச்சர்களைப் பாத்து ‘இதைச் செய்ங்க’ன்னு கேக்கறது பரிந்துரை, அதுக்கு மூணுல ரெண்டு பங்கு வேணும். பரிந்துரை போனா அமைச்சர்கள் கமிட்டி எழுத்துல பதில் சொல்லியாகணும். இந்தப் பதில்களைப் படிச்சுப் பாத்தவங்களுக்குத் தெரியும், முக்கால்வாசி ஒரே ராகம், உங்க பரிந்துரையை கவனமா பரிசீலிச்சோம், சம்பந்தப்பட்ட கமிட்டிக்கு அனுப்பி வெச்சோம், இந்த விஷயத்துல ஏற்கெனவே இன்னின்ன நடந்துட்டு இருக்கு, நன்றி. நம்ம ஊர்ல மனுநீதி நாள்ல மனு கொடுத்துட்டு ரெண்டு மாசம் கழிச்சு வர்ற லெட்டர் ஞாபகம் வரும். ஆனா இதுல முழுக்க சோம்பேறித்தனம்னு சொல்ல மாட்டேன். அந்தப் பதிலுக்கு 46 அரசாங்கமும் ஒத்துக்கணும்னு பாப்பாங்க, 46 பேரும் ஒத்துக்கற ஒரு வாக்கியம் எப்படி இருக்கும்? தண்ணி ஊத்தின மோர் மாதிரிதான் இருக்கும். இதுபோக கமிட்டி தலைமையில இருக்கற நாட்டோட மந்திரி அசெம்பிளி கூடறப்போ வந்து நின்னு கேள்விக்கு பதில் சொல்லணும், ரெண்டு பக்க ஆளுங்களும் உட்கார்ற கூட்டுக் கமிட்டி ஒண்ணும் இருக்கு, அது ரொம்ப நாள் பேருக்குத்தான் நடந்துட்டு இருந்துச்சு.

அசெம்பிளிக்கு உண்மையான பிடி இருக்கறது இந்தக் கடுதாசிகள்ல இல்லை, ஆளுங்களைத் தேர்ந்தெடுக்கறதுல. பொதுச் செயலாளரை அசெம்பிளிதான் ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கணும், மனித உரிமை கமிஷனரை அசெம்பிளிதான், முக்கியமா ஸ்ட்ராஸ்பூர்க் கோர்ட் ஜட்ஜ் ஒவ்வொருத்தரையும் அசெம்பிளிதான். ஒரு நாட்டுக்கு ஒரு ஜட்ஜ், 9 வருஷம், ரெண்டாவது சான்ஸ் கிடையாது. நாடு 3 பேர் லிஸ்ட் அனுப்பும். அதுக்கு முன்னாடியே அமைச்சர்கள் கமிட்டி 2010-ல போட்ட 7 பேர் நிபுணர் குழு அந்த 3 பேரையும் ரகசியமா அலசிடும். அப்புறம் அசெம்பிளியோட கமிட்டி ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு இன்டர்வியூ பண்ணும், அப்புறம் முழு அசெம்பிளியும் ரகசிய ஓட்டு. லிஸ்ட் சரியில்லைன்னா திருப்பி அனுப்பிடுவாங்க, சும்மா பேச்சுக்கு இல்லை, நிறைய தடவை அனுப்பியிருக்காங்க.

இதுல மால்டா கேஸ் ஒண்ணு பிரமாதம். லிஸ்ட்ல ஒரு பொண்ணாவது இருக்கணும்னு அசெம்பிளி ரூல் வெச்சிருந்துச்சு, மால்டா 3 ஆம்பளைங்க பேரை அனுப்பிச்சு, அசெம்பிளி வாங்க மாட்டேன்னுச்சு, மால்டா எங்க குட்டி நாட்டுல தேடிப் பாத்தும் தகுதியான பொண்ணு கிடைக்கலைன்னுச்சு. அமைச்சர்கள் கமிட்டி என்ன பண்றதுன்னு தெரியாம கோர்ட்டுகிட்டயே ஆலோசனை கேட்டுச்சு. 2008 பிப்ரவரி 12-ல கோர்ட் சொன்னது, ரூல் வெச்சுக்கறது சரிதான், ஆனா உண்மையிலேயே முயற்சி பண்ணி முடியலைன்னா விதிவிலக்கு கொடுக்காம லிஸ்டை தள்ளறது சரியில்லை. ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு பேர் சண்டை போட்டு, அவங்க பெத்த பிள்ளைகிட்டயே பஞ்சாயத்துக்கு போன மாதிரி இருக்கும் எனக்கு.

‘ஸ்ட்ராஸ்பூர்க்ல யாரு ஜட்ஜா வந்தா நமக்கென்ன’ன்னு கேக்கறவங்களுக்கு ரெண்டு கேஸ். 1991 அக்டோபர்ல வந்த வில்வராஜா வழக்கு, பிரிட்டன்ல இருந்து 1988-ல கொழும்புக்கு திருப்பி அனுப்பப்பட்ட 5 இலங்கைத் தமிழர்களோடது. அனுப்பினது தப்பு இல்லைன்னு கோர்ட் சொல்லிடுச்சு. 2008 ஜூலை 17-ல இன்னொரு இலங்கைத் தமிழரோட வழக்கு, பேர்கூட வெளியில இல்லை, என்.ஏ.ன்னு ரெண்டு எழுத்து மட்டும். அவரோட தனிப்பட்ட சூழ்நிலையை வெச்சுப் பாத்தா திருப்பி அனுப்பினா சித்திரவதை நடக்க வாய்ப்பிருக்கு, அனுப்பக்கூடாதுன்னு அதே கோர்ட் சொல்லிச்சு. ரெண்டு தீர்ப்பையும் எழுதின ஜட்ஜுங்களை அந்தந்தக் காலத்துல ஓட்டு போட்டு உள்ள அனுப்பினது இந்த அதிகாரமில்லாத அசெம்பிளிதான். அகதி கேஸ் நடத்தற வக்கீல்கள் இன்னைக்கும் அந்த ரெண்டெழுத்து வழக்கை எடுத்துக் காட்டுவாங்க.

சரி, இனி ரஷ்யா. அதுக்கு முன்னாடி கிரீஸை ஒரு வரியில சொல்லிடறேன். 1967-ல அங்க ராணுவம் ஆட்சியைப் பிடிச்சுச்சு, அமைச்சர்கள் இழுத்தடிச்சாங்க, அசெம்பிளி விடாம குடைஞ்சுச்சு, நெதர்லாந்து எம்.பி. மாக்ஸ் வான் டெர் ஸ்டூல் போட்ட ரிப்போர்ட்டை வெச்சு அமைச்சர்கள் நடவடிக்கை எடுக்கணும்னு 1969 ஜனவரியிலேயே கேட்டாச்சு, டிசம்பர் 12-ல அமைச்சர்கள் ஓட்டெடுப்புக்கு வர்ற நேரத்துல தூக்கறதுக்கு முன்னாடி கிரீஸ் தானா எழுந்து வெளிய போயிடுச்சு. 1974-ல ராணுவ ஆட்சி விழுந்த பிறகு திரும்பி வந்துச்சு. அதாவது அசெம்பிளி தள்ள, அமைச்சர்கள் முடிக்க, அப்படி ஒரு பழக்கம் அப்பவே இருந்துச்சு.

ரஷ்யா விஷயத்துல அந்தப் பழக்கம் உடைஞ்சுபோச்சு. 1996 பிப்ரவரி 28-ல உள்ள வந்த நாடு. 2014-ல கிரைமியாவை எடுத்துக்கிச்சு. ஏப்ரல் 10-ல அசெம்பிளி ரஷ்ய எம்.பி.க்களோட ஓட்டுரிமையை நிறுத்தி வெச்சுது. அமைச்சர்கள் கமிட்டியில என்ன நடந்துச்சு? கண்டனம் சொன்னாங்க, ஆனா ரஷ்ய தூதர் தன் நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தார், ஓட்டும் போட்டார். ஒரே அமைப்பு, ஒரு ரூம்ல குற்றவாளி, அடுத்த ரூம்ல முழு மெம்பர். ரஷ்யா இதை நல்லா பிடிச்சுக்கிச்சு. 2016-ல இருந்து எம்.பி.க்களை அனுப்பறதையே விட்டுட்டாங்க, 2017 ஜூன் கடைசியில சந்தா கட்டறதையும் நிறுத்தறோம்னு சொல்லிட்டாங்க. வருஷத்துக்கு சுமார் 3.3 கோடி யூரோ. கவுன்சில் ஆஃப் யூரோப் பணக்கார அமைப்பு இல்லை, மொத்த பட்ஜெட்ல இது கிட்டத்தட்ட 7 சதவீதம், ஆபீஸ்ல ஆட்குறைப்பு பேச்சு ஆரம்பிச்சுடுச்சு.

பணத்தோட இன்னொரு கத்தியையும் ரஷ்யா காட்டுச்சு. எங்க எம்.பி.ங்க இல்லாம அசெம்பிளி ஜட்ஜுகளை தேர்ந்தெடுக்குது, 2018-ல கமிஷனரைத் தேர்ந்தெடுத்துச்சு, 2019-ல பொதுச் செயலாளரைத் தேர்ந்தெடுக்கப் போகுது, எங்க ஓட்டு இல்லாம வந்தவங்களை நாங்க ஏன் மதிக்கணும்னு கேட்டாங்க. அசெம்பிளியோட ஒரே உண்மையான அதிகாரம் எதுவோ, அதுமேலயே கை வெச்சாங்க. ரெண்டு வருஷ பாக்கி வந்தா அமைச்சர்கள் கமிட்டி அந்த நாட்டை நிறுத்தி வெக்கறது பத்தி யோசிக்கணும், அந்தக் கெடு 2019 நடுவுல வருது. அப்போதான் அமைச்சர்களுக்கு வேர்க்க ஆரம்பிச்சுது. 2019 மே மாசம் ஹெல்சின்கியில கூடி, எல்லா மெம்பர் நாடும் ரெண்டு உறுப்புலயும் சமமா பங்கெடுக்கணும்னு ஒரு அறிக்கை விட்டாங்க. படிக்கறப்போ பொதுவா இருக்கும், அர்த்தம் ஒண்ணுதான், அசெம்பிளியே கதவைத் திற. ஆர்டர் போட அவங்களால முடியாது, ஏன்னா தன் மெம்பர் யாருங்கறதை அசெம்பிளியோட ரூல்தான் முடிவு பண்ணும். கெஞ்சத்தான் முடியும்.

அசெம்பிளிக்குள்ளயே ரெண்டு பக்கமும் நியாயம் இருந்துச்சுங்கறதையும் சொல்லணும். ரஷ்யா வெளிய போனா ஸ்ட்ராஸ்பூர்க் கோர்ட்டுக்கு வர்ற ரஷ்ய மக்களுக்கு கதவு அடைஞ்சுடும், அங்க நிலுவையில இருக்கற கேஸ்ல பெரிய பங்கு அவங்களோடதுதான், அந்த நாட்டு மனித உரிமைக்காரங்கள்ல பலரே ‘எங்களைக் கைவிடாதீங்க’ன்னு சொன்னாங்க. உக்ரைன் கேட்டது ஒரே கேள்வி, 2014-க்கு அப்புறம் அவங்க எதை மாத்தினாங்க? எதுவுமே மாறலை. எனக்கு அன்னைக்கு முதல் வாதம்தான் சரின்னு பட்டுச்சு, இப்போ திரும்பிப் பாத்தா அந்த நம்பிக்கை கொஞ்சம் வெட்கமா இருக்கு.

அதுதான் நான் ஆரம்பத்துல சொன்ன ஜூன் 24 ராத்திரி. ரெண்டு நாள் கழிச்சு 26-ம் தேதி ரஷ்ய எம்.பி.க்களோட தகுதியை 116-க்கு 62-னு ஏத்துக்கிட்டாங்க, அதே நாள்தான் பொதுச் செயலாளர் தேர்தலும், குரோஷியாவோட மரியா பெய்சினோவிச் புரிச் ஜெயிச்சாங்க, ரஷ்யாவும் ஓட்டு போட்டுச்சு. உக்ரைன் குழு எழுந்து வெளிய போச்சு, பால்டிக் நாடுகள், போலந்து, ஜார்ஜியான்னு இன்னும் சிலரும் கூட போனாங்க. ரஷ்யா சந்தாவைக் கட்ட ஆரம்பிச்சுது.

இந்தக் கூத்துக்குப் பிறகுதான் ரெண்டு பக்கமும் உட்கார்ந்து யோசிச்சாங்க, இனிமே ஒரு ரூம்ல தண்டனை, இன்னொரு ரூம்ல உபசாரம்னு இருக்கக்கூடாது, சேர்ந்து ஒரு நடைமுறை வெச்சுக்குவோம். 2020 ஜனவரி கடைசியில அசெம்பிளி பாஸ் பண்ணுச்சு, பிப்ரவரி 5-ல அமைச்சர்கள் பாஸ் பண்ணாங்க. ஒரு மெம்பர் நாடு பெரிய தப்பு பண்ணினா அசெம்பிளியோ, அமைச்சர்களோ, பொதுச் செயலாளரோ யார் வேணாலும் இதை ஸ்டார்ட் பண்ணலாம், ஸ்டார்ட் ஆனதும் மூணு பேரும் சேர்ந்து அந்த நாட்டோட பேசி, கால அட்டவணை போட்டு, படிப்படியா போகணும், கடைசிப்படிதான் வெளிய அனுப்பறது. பேப்பர்ல நல்லா யோசிச்சு செஞ்ச வேலை, குறை சொல்ல முடியாது.

2022 பிப்ரவரி 24 விடியக்காலையில ரஷ்யா உக்ரைனுக்குள்ள படையை இறக்கிச்சு. அந்தப் படிப்படியான நடைமுறையை யாரும் எடுக்கலை! அடுத்த நாளே, பிப்ரவரி 25, அமைச்சர்கள் கமிட்டி பழைய 1949 சாசனத்தோட 8-வது பிரிவை எடுத்து ரஷ்யாவோட பிரதிநிதித்துவத்தை ரெண்டு உறுப்புலயும் நிறுத்தி வெச்சுது, அதுக்கு முன்னாடி அசெம்பிளியோட பேசிக்கிட்டாங்க, பேருக்கு நடந்துட்டு இருந்த அந்தக் கூட்டுக் கமிட்டி அன்னைக்குத்தான் உயிரோட வேலை செஞ்சுது. வெளியேத்தறதுக்கு முன்னாடி அசெம்பிளியோட கருத்தைக் கேக்கணும்ங்கறது 1951-ல இருந்தே இருக்கற வழக்கம், அப்படி கேட்டாங்க. மார்ச் 15-ல அசெம்பிளி சிறப்புக் கூட்டம் போட்டு பதில் சொல்லிச்சு, ரஷ்யா இனி மெம்பரா இருக்க முடியாதுன்னு 216 பேர் ஆதரவு, எதிர்ப்பு பூஜ்யம், 3 பேர் நடுநிலை. அதே நாள் ரஷ்யா நாங்களே போறோம்னு லெட்டர் கொடுத்துச்சு, கிரீஸ் செஞ்ச அதே வேலை. ஆனா இந்தத் தடவை அமைச்சர்கள் அதுக்காக காத்திருக்கலை, சாசனப்படி தானா போனா வருஷக் கடைசி வரைக்கும் மெம்பரா இருக்கலாம், அந்த சலுகையைக் கொடுக்காம மார்ச் 16-ல இன்னைக்கே முடிஞ்சுதுன்னு சொல்லிட்டாங்க. செப்டம்பர் 16-ல ரஷ்யா மனித உரிமை ஒப்பந்தத்துல இருந்தும் வெளிய ஆச்சு. பணத்துக்காகவும் பயத்துக்காகவும் 5 வருஷம் ஆளுக்கொரு பக்கம் இழுத்தவங்க 3 வாரத்துல முடிச்சாங்க.

அதுக்கப்புறம் ரெண்டும் கொஞ்ச நாள் நல்லாவே ஒத்துப்போச்சு. 2022 ஏப்ரல்ல படையெடுப்பு குத்தத்துக்குன்னு தனி டிரிப்யூனல் வேணும்னு அசெம்பிளி தீர்மானம் போட்டப்போ, ஆமா போடுவீங்க போடுவீங்கன்னுதான் பலரும் சிரிச்சாங்க. 2023 மே மாசம் ரெய்க்யாவிக்ல நாட்டுத் தலைவர்கள் கூடி உக்ரைனோட சேதத்தைப் பதிஞ்சு வெக்க ஒரு பதிவேடு ஆரம்பிச்சாங்க. 2025 ஜூன் 25-ல அதே ஸ்ட்ராஸ்பூர்க்ல ஜெலன்ஸ்கியும் பொதுச் செயலாளர் அலைன் பெர்செவும் அந்த டிரிப்யூனலுக்கான ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டாங்க. அசெம்பிளி பேசினது அமைச்சர்கள் கையில ஒப்பந்தமா மாற 3 வருஷம். இவங்க வேகத்துக்கு இது எக்ஸ்பிரஸ் ரயில்.

மத்த இடங்கள்ல இந்த அளவுக்குக்கூட கிடையாது. ஆசியான்ல எம்.பி.க்கள் சபை 1977-ல இருந்து இருக்கு, ஆனா 2008-ல அமலுக்கு வந்த ஆசியான் சாசனத்துல அது ஒரு உறுப்பு கிடையாது, பின்னிணைப்புல ‘தொடர்புடைய அமைப்பு’னு ஒரு வரி, தலைவர்கள் உச்சிமாநாட்டுல கொஞ்ச நேரம் சந்திச்சு கை குலுக்கிட்டு வரலாம். ஆப்பிரிக்க யூனியன்ல 2004-ல பான் ஆப்பிரிக்கன் பார்லிமென்ட் ஆரம்பிச்சாங்க, அதுக்கு சட்டம் இயற்ற கொஞ்சம் அதிகாரம் கொடுக்கலாம்னு 2014-ல மலாபோவுல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, அது அமலுக்கு வர 28 நாடு உறுதி செய்யணும், பத்து வருஷம் ஓடியும் அந்த எண்ணிக்கை வரலை. இதுல கிழக்கு ஆப்பிரிக்க அசெம்பிளிதான் வித்தியாசம், அருஷாவுல இருக்கு, நிஜமாவே மசோதா பாஸ் பண்ணும், ஆனா மெம்பர் நாட்டு அதிபர்கள் எல்லாரும் கையெழுத்து போடணும், ஒருத்தர் மாட்டேன்னாலும் நிக்கும். சார்க் பத்தி சொல்லவே வேணாம், சபாநாயகர்களும் எம்.பி.க்களும் சேர்ந்த ஒரு சங்கம் 1992-லயே போட்டாச்சு, அமைப்போட உறுப்பு இல்லை, 2014 காத்மாண்டுவுக்கு அப்புறம் சார்க் உச்சிமாநாடே நடக்காதப்போ சங்கம் யாருகிட்ட போய் பரிந்துரை கொடுக்கும்?

ஸ்ட்ராஸ்பூர்க்குக்கே திரும்பி வந்தா, 2024-ல மறுபடி பழைய நோய் எட்டிப் பாக்குது. அந்த வருஷம் ஜனவரி 24-ல அஜர்பைஜான் எம்.பி.க்களோட தகுதியை ஏத்துக்க அசெம்பிளி மறுத்துடுச்சு, கராபக் பகுதியில ராணுவ நடவடிக்கைக்குப் பிறகு ஆர்மேனியர்கள் வெளியேறினது, அரசியல் கைதிகள், அதிபர் தேர்தலை கண்காணிக்க அசெம்பிளியைக் கூப்பிடாததுன்னு காரணம் வரிசையா இருந்துச்சு. 2019-ல போட்ட ரூலுக்குப் பிறகும் இது எப்படி முடிஞ்சுதுன்னா, உள்ள வந்தவங்களோட உரிமையைக் குறைக்கத்தான் தடை, ஆளையே ஏத்துக்காம விடறதுக்குத் தடை இல்லை. மூணு மாசம் கழிச்சு ஏப்ரல் 16-ல, செர்பியாவுல இருந்து பிரிஞ்ச கொசோவோவை மெம்பரா சேர்க்கலாம்னு 131-க்கு 29-னு அசெம்பிளி கருத்து சொல்லிச்சு. மே மாசம் மந்திரிங்க கூடினப்போ அதை அஜெண்டாவுலயே எடுக்கலை.

அதனால அந்த வருஷம் நிலைமை இப்படி ஆச்சு. அமைச்சர்கள் கமிட்டி ரூம்ல அஜர்பைஜான் தூதர் எப்பவும் போல வந்து உட்கார்ந்து மத்த நாடு ஸ்ட்ராஸ்பூர்க் கோர்ட் தீர்ப்பை எல்லாம் ஒழுங்கா அமல்படுத்துதான்னு மேற்பார்வை பாத்துட்டு இருந்தார், அதே கட்டடத்துல எழுத்து வரிசைப்படி உட்கார்ற அந்த ஹால்ல அவங்க எம்.பி. ஒருத்தரும் இல்லை.